சாவி இல்லாமல் ஓடிய எஞ்சின்

விசாரணைக் கைதிகள் சிறை, டிரினிடாட்
6 பிப்ரவரி 2006

லிசெட்,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. முதல் பக்கத்தையாவது படி. பிறகு உன் இஷ்டம்.

நான் உள்ளே இருக்கிறேன். யூலா சித்தி போனில் சொல்லியிருப்பாள். சொல்லாவிட்டாலும் டொபேகோ தீவுக்குப் பேப்பர் வராமலா இருக்கும்? மரவாலில் சீனக்காரர் கடையில் கொள்ளை. துப்பாக்கியோடு உள்ளே போனவர்கள் இரண்டு பேர், வெளியே அவர்களுக்காகக் காரோடு காத்திருந்தவன் நான் என்று வழக்கு. சத்தியமாக இல்லை. பட்டாசு வெடித்தாலே உன் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற ஆள் நான், உனக்குத் தெரியாதா?

நடந்தது இதுதான். ஞாயிறு சாயங்காலம் மரகாஸ் கடற்கரையிலிருந்து காரில் தனியாக வந்துகொண்டிருந்தேன். மலைப்பாதை காலியாக இருந்தது, மிதி மிதியென்று மிதித்தேன். குடித்த பீர் எல்லாம் மரவாலுக்கு வந்தபோது வேலையைக் காட்டியது. அடக்க முடியவில்லை. கடை வாசலில் ஓரம் கட்டினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியை உருவி, கதவைச் சாத்தி ரிமோட்டை அழுத்தினேன். விளக்கு சிமிட்டியது, கதவு பூட்டிக்கொண்டது, எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் போலத்தான். பக்கத்து மதிலுக்குப் பின்னால் போய் ஒதுங்கினேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அதே நேரம் பார்த்துக் கடைக்குள் இவர்கள் வேலையை முடித்துவிட்டு வெளியே ஓடிவந்திருக்கிறார்கள். எதிரே எஞ்சின் ஓடுகிற கார், உள்ளே ஆள் இல்லை. விடுவார்களா? ஒருத்தன் கதவைப் பிடித்து இழுத்திருக்கிறான். திறக்கவில்லை. சந்துக்குள் ஓடிவிட்டார்கள். கடைக்கார அம்மா பார்த்தது அந்த ஒன்றைத்தான். "நேரா அந்த நீலக் காருக்குத்தான் ஓடினானுங்க. எஞ்சின் ரெடியா ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்று சாட்சி சொல்லியிருக்கிறாள். நான் ஜிப்பை இழுத்துக்கொண்டே வெளியே வருகிறேன், தெருவே என்மேல் விழுந்தது.

இன்ஸ்பெக்டரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "சார், இது டர்போ வண்டி. வேகமா ஓட்டிட்டு வந்து டக்குனு அணைச்சா உள்ள எண்ணெய் வெந்து டர்போ போயிடும். அதுக்குத்தான் டைமர். சாவிய எடுத்தாலும் கொஞ்ச நேரம் எஞ்சின ஓட விட்டு, அதுவே அணைச்சிடும்" என்றேன். அவர் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு வந்தார். அந்த ஆள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டைமர் இருக்கு, நெசம்தான். ஆனா கம்பெனி அலாரம் எஞ்சின் ஓடும்போது கதவப் பூட்டவே பூட்டாது. அது தெரியாதவன் இந்த ஊர்ல கிடையாது. அப்ப கதவு எப்படிப் பூட்டியிருந்துச்சு? உள்ள இருந்து இவன் பூட்டிக்கிட்டான். பயந்துபோய்க் கூட்டாளிகள ஏத்தாம விட்டுட்டு, அந்தப் பக்கமா நழுவிட்டான்" என்றான்.

அதற்கு வழி பண்ணியிருக்கிறோம், அலாரத்தை மாற்றியிருக்கிறோம் என்றேன். "யார் மாத்துனது?" என்று கேட்டார்கள்.

நான்தான் என்று சொல்லிவிட்டேன். எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

மார்ச் இருபதாம் தேதி மாஜிஸ்திரேட் முன்னால் காரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான் எதை எங்கே மாற்றினேன் என்று முதலில் வாயால் சொல்ல வேண்டும், பிறகு டாஷ்போர்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். நான் சொன்னதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போனால் அன்றே விட்டுவிடலாம். ஒத்துப்போகாவிட்டால் மேல்கோர்ட்டு. துப்பாக்கி வழக்கு, லிசெட். தலைமுடி நரைத்துத்தான் வெளியே வருவேன்.

அதனால் ஒரே ஒரு உதவி. எந்த வயர், எந்த இடம், என்ன செய்தாய் என்று எனக்கு எழுதி அனுப்பு. மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன். இங்கே தபாலைப் பிரித்துப் படிப்பார்கள். சித்தி வீட்டு முகவரிக்குப் போடு, பார்க்க வரும்போது கொண்டுவருவாள். இதையும் அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். நீ மனசு வைத்தால் நான் பிழைத்தேன்.

கெஸ்டன்


ஸ்கார்பரோ, டொபேகோ
15 பிப்ரவரி

கெஸ்டன்,

கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை, எங்கேயாவது 'மன்னித்துக்கொள்' என்று எழுதியிருக்கிறாயா என்று தேடிப் படித்தேன். நாலு பக்கத்தில் பீருக்கு இடம் இருக்கிறது, அதற்கு இல்லை.

உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. சாகராமஸ் கார் பந்தய மைதானத்தில் உன் கூட்டாளிகள் எல்லாம் வண்டியைச் சுற்றி நின்றார்கள். நீ சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினாய், எஞ்சின் ஓடுகிறது, கதவு பூட்டுகிறது, ஹோவென்று கத்தினார்கள். "யார்ரா பண்ணது? ஏஜென்சிலயே முடியாதுன்னு கையை விரிச்சானே!" என்று ஒருத்தன் கேட்டான். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வேற யாரு? ஐயாதான். ரெண்டு நாள் மண்டைய உடைச்சிக்கிட்டேன்" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு இரண்டு நாள் மல்லாந்து கிடந்ததில் கழுத்து அப்போதும் வலித்துக்கொண்டிருந்தது. "டேய், யாரு பண்ணது?" என்றேன். நீ என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "ஆமா ஆமா, இவளும்தான். டார்ச் புடிச்சா" என்றாய்.

அவர்கள் சிரித்ததை விடு. நீயும் சேர்ந்து சிரித்தாய்.

வீடு வந்து சேரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைக்கூட நீ கவனிக்கவில்லை, பாட்டுப் போட்டுத் தாளம் தட்டிக்கொண்டு வந்தாய். அடுத்த வாரம் நான் படகேறிவிட்டேன். ஏன் போனாள் என்று ஊரெல்லாம் கேட்டாயாம். என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

இப்போது போலீஸ்காரன் கேட்டிருக்கிறான். கையில் விலங்கு, தலைக்கு மேல் கத்தி. அப்போதும் என் பெயர் உன் வாயில் வரவில்லையே! கட்டிக்கொள்ளப் போகிறவள் என்று ஒரு காலத்தில் சொன்னாயே, அந்தப் பெயர்தானே? உன் நாக்கு என்ன தேய்ந்தா போய்விடும்?

சரி. உனக்கு வேண்டியது வயர்தானே, வாங்கிக்கொள். ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே, டாஷ்போர்டின் கீழ்ப் பலகையைக் கழற்றினால் அலாரப் பெட்டி தெரியும். அதற்குள் போகிற வயர்களில் ஒன்று சாவியைத் திருப்பியதும் உயிர் வருகிற வயர். எஞ்சின் ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். அந்த வயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றிவிட்டேன். அதன்பிறகு எஞ்சின் ஓடினாலும் பெட்டிக்குத் தெரியாது, நீ ரிமோட்டை அழுத்தினால் பூட்டிவிடும். இவ்வளவுதான் வேலை. மனப்பாடம் பண்ணு, கெட்டிக்காரன்தானே நீ.

லிசெட்


சிறை
27 பிப்ரவரி

லிசெட்,

இன்று கார்னிவல் திருவிழாத் திங்கள். நெடுஞ்சாலையில் பாட்டு லாரிகள் போகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது, ஒவ்வொரு அறையிலும் கம்பியைத் தட்டி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஆடவில்லை. உன்மேல் கோபத்தோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன் பாடத்தை வரி விடாமல் மனப்பாடம் பண்ணினேன். நேற்று பால்கோபினிடம் ஒப்பித்தேன். என் பக்கத்துப் படுக்கைக்காரன், வெளியே கார் அலாரம் மாட்டுவதுதான் தொழில். ராத்திரியில் கழற்றவும் செய்வான் என்று வழக்கு. நான் முடிப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், அந்த வயர வெட்டினா நீ ஓட்டிக்கிட்டுப் போறதுகூட அலாரத்துக்குத் தெரியாதுடா! வண்டி சும்மா நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு அதுபாட்டுக்குப் பூட்டி, எஞ்சினையும் அணைச்சிடும். ரவுண்டானா தாண்ட மாட்ட. இத நீ கோர்ட்டுல சொல்லு, அப்புறம் எனக்கு நிரந்தரமா ஒரு துணை கெடைக்கும். யாரு எழுதிக் குடுத்தது?"

சொன்னேன்.

"உன் ஆளா? நல்லாத்தான் கவனிக்கிறா உன்ன!"

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். ஆமாம், மைதானத்தில் நீ நின்ற மாதிரியேதான் நானும் நின்றேன். அதுதானே உனக்கு வேண்டியது? ஆனால் நீ அன்று படகேறிப் போக நினைத்தாய், போனாய். எனக்கு இங்கே படகு எங்கே இருக்கிறது? இதை நான் மாஜிஸ்திரேட் முன்னால் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துதானே எழுதினாய்? தெரியாமல் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே. வயர் விஷயத்தில் உனக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது.

நான் இங்கேயே கிடந்து சாகட்டும் என்பது உன் ஆசை என்றால் நேராகச் சொல்லிவிடு. சித்தியின் பஸ் காசாவது மிச்சமாகும்.

கெஸ்டன்


ஸ்கார்பரோ
4 மார்ச்

கெஸ்டன்,

தெரிந்துதான் எழுதினேன்.

இரண்டு நாள் என் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாய். பேசினாய், வேர்க்கடலை தின்றாய், பாட்டு மாற்றினாய். ஒரு முறையாவது குனிந்து பார்த்திருந்தால், நான் எழுதியது பொய் என்று படித்த உடனே தெரிந்திருக்கும். தெரிகிறதா பார்க்கலாம் என்று எழுதினேன். உனக்குத் தெரியவில்லை. ஒரு திருடனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தேன், உள்ளே இறங்கவில்லை. இவன் கண்டுபிடிக்காவிட்டால்? அப்படியே போய் ஒப்பித்துவிட்டால்? செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் தபால் ஆபீசுக்கு ஓடினேன். "பெட்டியில விழுந்தது விழுந்ததுதான் மிஸ், அதுக்கப்புறம் அது உங்களோடது இல்ல" என்று அந்தப் பெண் ஜன்னலைச் சாத்திவிட்டாள். சித்திக்குப் போன் மேல் போன் போட்டேன். கார்னிவல் உடை தைக்கிற வேலையில் அவள் எடுக்கவே இல்லை. கடைசியில் எடுத்து, "போன வாரமே குடுத்துட்டேனே பிள்ள, ஆசையா வாங்கிட்டுப் போனான்" என்றாள். அன்று முழுக்க எனக்கு உயிர் என்னிடம் இல்லை. இதைச் சொல்லி நல்ல பெயர் வாங்கப் பார்க்கவில்லை. செய்தது அசிங்கம். அதற்காக மன்னித்துக்கொள். பார், எழுதினால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இப்போது கேள். சரியான வழியை உனக்கு எழுதித் தரப்போவதில்லை. பழி வாங்குவதற்காக இல்லை. எழுதினாலும் நீ தோற்பாய்.

நான் எந்த வயரையும் சும்மா வெட்டிவிடவில்லை. நடுவில் ஒரு ரிலே வைத்தேன், தானாகவே திறந்து மூடுகிற சின்ன சுவிட்ச். டைமர் ஓடும்போது மட்டும் அது எஞ்சின் சேதியை அலாரத்துக்குப் போகவிடாமல் மறிக்கும், நீ ஓட்டும்போது மறிக்காது. பூட்டியபின் அலாரம் எஞ்சினை அணைக்கப் பார்க்கும், அதையும் தடுக்க வேண்டும். எவனாவது கண்ணாடியை உடைத்து உள்ளே ஏறி ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தினால் மட்டும் அந்த நொடியே அணைய வேண்டும். எனக்கு இரண்டு நாள் ஆனது அதற்குத்தான். இதை நீ பச்சைக்கிளி மாதிரி சொல்லிவிடுவாய். உடனே அந்த மெக்கானிக் இரண்டாவது கேள்வி கேட்பான். ஏன் அந்த இடத்தில் எடுத்தாய், வேறு இடத்தில் எடுத்தால் என்ன ஆகும் என்பான். நீ என்ன சொல்வாய்? என் முகத்தைத் தேடுவாய், நான் அங்கே இருக்க மாட்டேன்.

எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் உண்டு. எழுதிக் கொடுத்தது பொய், செய்தவள் லிசெட் ஜோசப் என்று கூண்டில் நின்று உன் வாயால் சொல். முதலில் நீ சொல்ல வேண்டும். சொன்னால் நான் வந்து, யார் எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் சொல்கிறேன். நீ சொல்லாமல் நானாக வந்து, நான்தான் செய்தேன், நம்புங்கள் என்று கெஞ்ச மாட்டேன். அதை ஒரு முறை செய்து பார்த்தாகிவிட்டது.

லிசெட்


சிறை
9 மார்ச்

லிசெட்,

உன் கடிதம் வந்ததும் வக்கீல் டி ஃப்ரெய்தாஸ் அம்மாவைப் பார்த்தேன். இலவச உதவிக்கு வருகிற வக்கீல்தான், ஆனால் நாக்கு கத்தி.

"வாக்குமூலத்த மாத்தணுமா? அரசு வக்கீல் உன்ன உரிச்சு எடுத்துடுவார், தெரியுமா? 'அன்னைக்குப் பொய் சொன்னேன், இன்னைக்கு நெசம் சொல்றேன்னா எத நம்புறது?'ம்பார். அதுக்கு என்ன பதில் வச்சிருக்க?"

"நெசத்தத்தான் வச்சிருக்கேன், மேடம்."

அதை ஃபைலில் குறித்துக்கொண்டாள். "சரி, அந்தப் பொண்ணு யாரு? உனக்கு என்ன உறவு?"

நான் சொன்னேன், "கல்யாணம் பண்ணிக்கப் போறோம்."

ஃபைலை டப்பென்று மூடினாள், லிசெட். "அப்படின்னா அவ வந்தும் ஒண்ணுதான், வராமப் போனாலும் ஒண்ணுதான். காதலனக் காப்பாத்த வந்து பொய் சொல்றான்னு ஒரே வரியில ஒதுக்கிடுவாங்க. வேலைய நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பேசி வச்சுக்கிட்டதா ஆகிடும். உங்களுக்குள்ள ஒண்ணுமில்லன்னு அவளால பைபிள் மேல கை வச்சுச் சொல்ல முடிஞ்சாத்தான் அவ சாட்சி சாட்சி. முடியுமான்னு கேட்டுச் சொல்லு."

எனக்குத் தெரியும், நீ என்ன நினைப்பாய் என்று. இவன் மறுபடியும் இல்லாததைச் சொந்தம் கொண்டாடிவிட்டான். ஆமாம். கேட்டதும் அதுதான் வாயில் வந்தது. ஆனால் இதை மட்டும் பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படி நடக்க வேண்டும் என்ற ஆசையில் சொன்னேன். இங்கே ராத்திரி எல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே வந்ததும் முதல் படகைப் பிடித்து அங்கே வந்து, நீ வேலை பார்க்கிற இடத்தில், உன் முதலாளியின் வாடகைக் கார்களுக்கு நடுவில், எல்லார் முன்னாலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இப்போதே கேட்டுவிடுகிறேன். மன்னித்துக்கொள். டாஷ்போர்டுக்கு அடியில் கிடந்தது நீ, பெயர் வாங்கியது நான். தெரிந்துதான் செய்தேன். எதுவும் தெரியாதவன் என்று அவர்கள் என்னை நினைத்துவிடுவார்களே என்று பயம்.

இப்போது ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். நமக்குள் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இருக்கிறது என்றால் எனக்குச் சந்தோஷம், ஆனால் நீ வந்து பயனில்லை. இல்லை என்றால் நான் வெளியே வருவேன். எதைச் சொல்லு என்று உன்னைக் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

கெஸ்டன்


ஸ்கார்பரோ
14 மார்ச்

கெஸ்டன்,

மன்னிப்பைப் படித்தேன். அதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுத மாட்டேன்.

நீ கேட்டதற்கும் இங்கே பதில் சொல்ல மாட்டேன். இப்போதே எதையாவது சொன்னால் நாம் பேசி வைத்துக்கொண்டது என்றுதான் ஆகும், உன் வக்கீல் சொன்னதும் சரியாகிவிடும். பைபிள் மேல் கை வைத்த பிறகு அவர்கள் கேட்கட்டும். அந்த நிமிஷம் என்ன உண்மையோ அதைச் சொல்வேன். உனக்காக ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இது உனக்குப் பயமாக இருக்கும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

உன் வக்கீலிடம் மூன்று விஷயம் சொல்லிவை. இவ்வளவு நாள் நின்ற வண்டி, பேட்டரி செத்திருக்கும், புதியது கொண்டுவரச் சொல். நான் வருவதற்கு முன்னால் யாரும் எதையும் பிரிக்கக் கூடாது. ரிமோட்டைப் போலீஸ் பத்திரமாக வைத்திருக்கிறதா என்று கேட்கச் சொல். போலீஸ் முற்றத்தில் கிடக்கிற வண்டியில் ரேடியோ போகும், சக்கரம் போகும், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. என் ரிலே போயிருந்தால் நான் வந்தும் வாயைத்தான் மெல்ல வேண்டும்.

ஞாயிறு படகில் வருகிறேன். சாட்சி உள்ளே உட்காரக் கூடாதாம், வராந்தா பெஞ்சில் இருப்பேன். நீ சொன்னால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் சாயங்காலப் படகில் திரும்பிவிடுவேன், அதற்குப்பிறகு எனக்கு எழுதாதே.

லிசெட்


போர்ட் ஆஃப் ஸ்பெயின்
யூலா சித்தி வீடு
22 மார்ச்

லிசெட்,

மேலே முகவரியைப் பார்த்தாயா? அதை எழுதவே ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன். சித்தி பெரிய சட்டியில் பெலாவ் சோறு கிளறி, "தின்னு, எலும்பும் தோலுமா வந்திருக்க" என்று தட்டு தட்டாகத் தள்ளுகிறாள். அவளிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் நீ படகேறிவிட்டாய். வெளியே வந்ததும் பெஞ்சைத்தான் பார்த்தேன். காலியாக இருந்தது.

நீ உள்ளே வருவதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். கூண்டில் ஏறினேன். காரில் என்ன மாற்றம் செய்தாய் என்று சொல் என்றார் மாஜிஸ்திரேட். நான் சொன்னேன், "ஐயா, நான் ஒண்ணும் செய்யல. போலீஸ்ல சொன்னது பொய். செஞ்சது லிசெட் ஜோசப். நான் பக்கத்துல உக்காந்து வேர்க்கடல தின்னேன்." கோர்ட்டே சிரித்தது. பின்னால் என் கூட்டாளிகள் வேறு வந்திருந்தார்கள், அவர்களும்தான் சிரித்தார்கள். அரசு வக்கீல் எழுந்து, பொய்க் கையெழுத்துப் போட்டாயா, இன்று யார் சொல்லிக் கொடுத்தார்கள், அவள் எவ்வளவு நாளாகப் பழக்கம் என்று என்னைக் கிழி கிழியென்று கிழித்தார். எனக்கு வியர்த்து ஊற்றியது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. அதன்பிறகுதான் உன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மற்றதெல்லாம் நீ இருந்தபோது நடந்தது. ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. பச்சைச் சட்டையில் வந்தாய். என் பக்கம் திரும்பவே இல்லை. பைபிளில் கை வைத்தாய். அரசு வக்கீல் எடுத்ததுமே அதைத்தான் கேட்டார்.

"குற்றவாளிக் கூண்டுல நிக்கிறவருக்கு நீங்க என்ன உறவு?"

"ஒண்ணுமில்ல."

"கல்யாணப் பேச்சு இருந்ததாமே?"

"இருந்துச்சு. இப்ப இல்ல."

"அவர் வெளிய வந்தா அவர்கிட்டத் திரும்பிப் போவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப எதுக்கு அம்மா கடல் தாண்டி வந்தீங்க?"

"வேலை என்னோடது. அதச் சொல்ல வந்தேன்."

உன் குரல் கொஞ்சம்கூட ஆடவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு முற்றத்துக்குப் போனோம். ரேடியோவைக் காணோம், பின் இருக்கையைக் காணோம். ரிலேயும் போயிருக்கும் என்றே நினைத்தேன். நீ பலகையைக் கழற்றி உள்ளே கையை விட்டாய், "இருக்கு" என்று ஒரே சொல் சொன்னாய். அந்த மெக்கானிக் கேட்டான், கேட்டான், கேட்டுக்கொண்டே இருந்தான். நீ இரண்டு இடத்தில் அவன் சொன்னதும் சரிதான் என்று ஒத்துக்கொண்டாய், ஒரு இடத்தில் அவன் உன்னிடம் பென்சிலை வாங்கிப் படம் போட்டுப் பார்த்தான். கடைசியில் எஞ்சினைக் கிளப்பி, சாவியை உருவி, மாஜிஸ்திரேட் கையிலேயே ரிமோட்டைக் கொடுத்தாய். விளக்கு சிமிட்டியது, கதவு பூட்டியது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பத் திறந்து, மெக்கானிக் ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தினான். பொசுக்கென்று அணைந்தது. "தப்பிச்சு ஓடுறவன் வெளிய இருந்து பூட்டிட்டு, பிரேக்க எடுத்தா அணையிற வண்டியவா நிறுத்தி வச்சிருப்பான்?" என்று அவனே சொல்லிவிட்டான்.

தீர்ப்பில் ஒரு வரி. இந்தச் சாட்சிக்கும் இவருக்கும் இப்போது எந்தத் தொடர்பும் இல்லை, இவருக்காகப் பொய் சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இல்லை, ஆகவே நம்புகிறேன் என்றார் மாஜிஸ்திரேட். என்னை வெளியே விட்ட வரி அதுதான்.

லிசெட், அதை நீ எனக்காகச் சொன்னாயா? என்னைக் காப்பாற்றத்தானே? கூட்டாளிகள் எல்லாம், "உனக்காகப் பைபிள் மேலயே கை வச்சுட்டா, போய்க் கால்ல விழுடா" என்கிறார்கள். சனிக்கிழமைப் படகுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். வரலாம் என்று ஒரு வரி எழுது. போதும்.

உன்
கெஸ்டன்


ஸ்கார்பரோ
30 மார்ச்

கெஸ்டன்,

சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

உன்னைக் காப்பாற்றப் பொய் சொன்னேன் என்று உன் கூட்டாளிகள் நினைத்தால் நினைக்கட்டும். நீ நினைக்காதே. அங்கே நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் குரல் ஆடவில்லை.

ஆனால் முழுதையும் உனக்குச் சொல்ல வேண்டும், நீ கேட்டபோது சொல்லாமல் விட்டேனே. ஞாயிறு படகில் ஏறும்போது எனக்கு உன்மேல் ஆசை இருந்தது. நன்றாகவே இருந்தது. பச்சைச் சட்டை உனக்குப் பிடிக்கும் என்றுதான் போட்டேன். வழி முழுக்க, அவர்கள் கேட்டால் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமே, சொன்னால் இவன் போனானே என்று அழுதேன். கூப்பிட வேண்டாம், நான் உள்ளே போகவே வேண்டாம் என்றுகூட ஒரு நேரம் வேண்டிக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்தபோதும் அப்படியேதான் இருந்தேன்.

கோர்ட்டுக் கதவை முழுதாகச் சாத்தவில்லை. நீ சொன்னது எனக்குக் கேட்டது. என் பெயர், முழுப் பெயர், எல்லார் முன்னாலும். அவர்கள் சிரித்ததும் கேட்டது, அதன்பிறகும் நீ மாற்றிச் சொல்லாமல் நின்றதும் கேட்டது. இத்தனை மாதமும் அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறேன், கெஸ்டன். அது கிடைத்ததும் எனக்குள் என்னவோ அவிழ்ந்துவிட்டது. உன்மேல் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை. மற்றதைத் தேடினேன், அதுவும் இல்லை. கோபம் போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது போல. நீ அன்று ஆம்பளையாக நின்றாய், அதற்கு என் நன்றி. நல்லபடியாக இரு. சித்தியிடம் நான் கேட்டதாகச் சொல்.

உனக்கு என்ன உறவு என்ற அந்தக் கேள்வியை, நீ கூண்டில் என் பெயரைச் சொல்வதற்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால், நீ இன்றைக்கும் உள்ளேதான் இருந்திருப்பாய்.

லிசெட் ஜோசப்